மனுவில் விடுபட்ட வரி

சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும், சந்தாவை ஒழுங்காகக் கட்டிவிட்டுக் கூட்டத்துக்கு மட்டும் தலைகாட்டாத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நானும் பெரும்பாலும் அந்தக் கடைசி வகைதான். பெரம்பூர்ப் பக்கம் ஒரு சின்னச் சங்கத்தில் சந்தாதாரன். உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அதற்கு இந்த ஊரில் ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். மழைநீர் வடிகாலுக்காக மண்டல அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்கள் நீங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தின் எண்ணைக் குறித்து எழுதத் தெரிந்தவர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்து, அதற்கும் அசையாவிட்டால் ஆணையம் வரை போகும் பொறுமை உள்ளவர்கள். சிட்லபாக்கம் ஏரியை மீட்டதில் அந்த ஊர்க் குடியிருப்போருக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். 2025 மே மாதம் கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று கைகோத்து நின்றவர்களில் வடசென்னைச் சங்கத்தார் முன்வரிசையில் இருந்தார்கள். பதவி எதுவும் இல்லாத மனிதர்கள் அதிகாரிகளைப் பதில் சொல்ல வைத்த கதைகளை இந்த நகரத்தில் தேடினால், உங்கள் லெட்டர்பேடு எங்காவது தட்டுப்படும்.

அப்படி எழுதத் தெரிந்த உங்கள் மனுக்களில் ஒரு வரி மட்டும் விடுபட்டுக்கொண்டே இருக்கிறது. நம் தெருவைச் சுத்தமாக வைத்திருப்பவருக்கு என்ன சம்பளம், எத்தனை நாளைக்கு அந்த வேலை என்கிற வரி.

2025 ஆகஸ்ட் 1. ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில், நடைபாதையில் வந்து உட்கார்ந்தார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் பேரின் வேலை அது. பெண்களே அதிகம், தலித்துகளே அதிகம். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் மாநகராட்சிக்கு வேலை பார்த்தவர்கள். உங்கள் மண்டலங்களைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தாகிவிட்டது, இனி அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. மாதம் 22,000 ரூபாய்க்கு மேல் வந்துகொண்டிருந்த சம்பளம் 16,000 சொச்சத்துக்கு இறங்கிவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. மழை பெய்தபோதும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அனுமதியில்லாமல் நடைபாதையில் போராடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனது. மறுநாளே காலைச் சிற்றுண்டி, காப்பீடு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று சில திட்டங்களை அரசு அறிவித்தது. தனியாருக்குக் கொடுக்கும் தீர்மானத்தை ரத்து செய்ய நீதிமன்றம் பிறகு மறுத்துவிட்டது. ஆனால் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்பதையும் கூடவே சொன்னது.

அந்தப் பதின்மூன்று நாளும் எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் வந்ததெல்லாம் நிரம்பி வழியும் குப்பைத் தொட்டிகளின் படங்கள். எப்போது அள்ளுவார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டோம். கேட்க வேண்டியதுதான், மழைக்காலம், கொசு, கைக்குழந்தை இருக்கிற வீடுகள். ஆனால் யார் அள்ளுவார்கள், என்ன கூலிக்கு அள்ளுவார்கள் என்ற கேள்வி ஒரு குழுவிலும் வரவில்லை. அதைத் தொழிற்சங்கத்தின் விவகாரம், கட்சிக்காரர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிட்டோம். நகரத்தின் சுத்தம் நம் கவலை, சுத்தம் செய்கிறவரின் சம்பளம் வேறு யாருடைய கவலையோ. இந்தப் பிரிவினைதான் எனக்கு உறுத்துகிறது.

திரு.வி.க. நகர் மண்டலத்தின் பெயரையாவது ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1918 ஏப்ரல் 27 அன்று, பெரம்பூர் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்களை முன்வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். பி.பி. வாடியா தலைவர், துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது அன்றைய தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று. ஐந்து வருடம் கழித்து, 1923 மே 1 அன்று, சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அவர் இந்த மாநகராட்சியில் உறுப்பினராகவும் இருந்தவர். அதற்கும் முன்னால், 1920இல், தியாகராயச் செட்டியார் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார்கள். தொழிலாளியின் நேரம், கூலி, குழந்தையின் பசி எல்லாமே நகர நிர்வாகம் பேச வேண்டிய விஷயங்கள் என்று நூறு வருடத்துக்கு முன்பே இந்த ஊருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் திரு.வி.க.வின் பெயரில் இருக்கும் மண்டலத்தின் தொழிலாளர்கள்தான் நடைபாதையில் படுத்தார்கள்.

தனியார்மயம் சென்னைக்குப் புதிதில்லை. 2000இல் மூன்று மண்டலங்களுக்கு ஓனிக்ஸ் நிறுவனம் வந்தது. ‘ஓனிக்ஸ் வண்டி’ என்று நம் வீட்டுப் பிள்ளைகள்கூடச் சொல்லப் பழகினார்கள். அது போய் நீல் மெட்டல் ஃபனால்கா, பிறகு ராம்கி, 2020இல் பல மண்டலங்களுக்கு உர்பேசர் சுமீத். இன்று நகரத்தின் பெரும்பாலான மண்டலங்களில் குப்பை அள்ளுவது ஒப்பந்த நிறுவனங்கள்தான். இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் சட்டையின் நிறம் மாறியது, வண்டியின் பெயர் மாறியது, பில் எழுதுகிற கம்பெனி மாறியது. தெருவில் குனிந்து கூட்டுகிற கை மாறவில்லை. ஒவ்வொரு கம்பெனி மாறும்போதும் அந்தக் கைக்குரியவர் மட்டும் புது ஆளாகக் கணக்கில் ஏறுகிறார்: புது அடையாள அட்டை, புது பி.எஃப். எண், பூஜ்யத்திலிருந்து பணிக்காலம். இருபத்து நான்கு மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981இல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. தொழிற்சங்கங்கள் மேற்கோள் காட்டும் சட்டம் அது. கம்பெனி மாறிக்கொண்டே இருக்கும் ஊரில் 480ஐ யார் எண்ணுவது?

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். இருக்கிறது, முழுக்க முழுக்கச் சுயநலக் கணக்காகவே சொல்கிறேன்.

ஒரே தெருவை ஏழெட்டு வருடம் கூட்டுகிற அக்காவுக்குத் தெரிந்த விஷயங்கள் மாநகராட்சியின் எந்தச் செயலியிலும் இல்லை. எந்த மூலையில் முதல் மழைக்கே தண்ணீர் நிற்கும், எந்த வீட்டார் உடைந்த கண்ணாடியைச் சாப்பாட்டுக் குப்பையோடு சுருட்டிப் போடுவார்கள், எந்தக் கடைக்காரர் ராத்திரியில் மூட்டையை வடிகால் மூடியின் மேல் வைத்துவிட்டுப் போவார், தனியாக இருக்கும் எந்தப் பெரியவர் இரண்டு நாளாக வெளியே வரவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று அவர் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங்குக்குப் போய்விட்டால், அந்த அறிவு முழுவதும் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வருகிறவர் தெருவைக் கற்றுக்கொள்வதற்குள் அவரும் போய்விடுகிறார். ஆள் பற்றாக்குறை என்பார் மேஸ்திரி. மூன்று தெருவை ஒருவர் பார்ப்பார். நாம் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து புகார் எண் வாங்கி வைத்துக்கொள்வோம். புகார் எண்ணுக்கும் சம்பளச் சீட்டுக்கும் உள்ள உறவு இவ்வளவு நேரானது. குறைந்த சம்பளத்தில் நிலையில்லாத வேலையை வைத்துக்கொண்டு நிலையான சுத்தத்தை எதிர்பார்க்கிறோம்.

உடல்நலமும் இதே நூலில்தான் கோத்திருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில், ரிப்பன் மாளிகை நடைபாதை காலியான சில நாட்களிலேயே, கண்ணகி நகரில் விடியற்காலை வேலைக்குப் போன ஒரு தூய்மைப் பணியாளர், இளம் தாய், தேங்கிய மழைநீரில் கால் வைத்தபோது மின்சாரம் பாய்ந்து இறந்துபோனார். ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மின்கம்பி ஒரு துறை, தேங்கிய தண்ணீர் இன்னொரு துறை, வேலை நேரம் ஒரு தனியார் கம்பெனி. மூன்றும் சந்தித்த இடத்தில் அவர் நின்றார். நம் சங்கங்கள் மழைநீர் தேங்குவதைப் பற்றி எழுதும் மனுக்கள் கார்களைப் பற்றியும் வீட்டுக்குள் வரும் தண்ணீரைப் பற்றியுமே பேசுகின்றன. அந்தத் தண்ணீரில் முதலில் கால் வைக்கிறவர் நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கால் வைத்துவிடுகிறார்.

கண்ணகி நகர் என்றதும் சிலர் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரியும். 2000த்தின் தொடக்கத்திலிருந்து ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, சாலையோரக் குடியிருப்புகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை அங்கே 15,000க்கும் மேற்பட்ட வீடுகளில் கொண்டுபோய் வைத்தோம். பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு இருபதாயிரத்துக்கும் மேலான வீடுகளோடு பெரும்பாக்கம். மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் நடந்துபோய் வீட்டுவேலை பார்த்த பெண்கள் இருபது கிலோமீட்டர் தள்ளிப்போனார்கள். காலை ஆறு மணி வேலைக்கு இருபது கிலோமீட்டர் என்பது நான்கு மணிக்கு எழுவது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது உண்மையிலேயே பெரிய உதவி. என்றாலும் பிள்ளை எழுவதற்குள் கிளம்பி, அது பள்ளிக்குப் போனபிறகும் திரும்பமுடியாத ஒரு வாழ்க்கையை இலவசப் பேருந்து மட்டும் சரிசெய்துவிடாது. இத்தனைக்கும் நடுவில் அந்தக் கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்று வந்தாள். அன்றைக்கு மட்டும் எல்லாக் குழுக்களிலும் கண்ணகி நகர் வாழ்க.

ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி வழக்குப் போடும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பதை இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்து உயிரைவிட்டார். ஒரு தனிநபர் நடத்திய நீண்ட வழக்கின் கடைசியில் வந்த இடிப்பு அது. அதற்குப் பிறகுதான் அந்த மக்களுக்குப் பக்கத்திலேயே வீடு தருவதைப் பற்றி அரசு பேசியது. பக்கத்திலேயே வீடு என்ற கோரிக்கையை முன்பே நம் சங்கங்களில் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தால் அது எத்தனை கனமாக விழுந்திருக்கும்!

இனி நம் கேட்டுக்குள் வருவோம். அடுக்குமாடிச் சங்கத்தார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மாநகராட்சியிடம் பேசும்போது நாம் மனுதாரர்கள். கேட்டுக்குள் நாமே முதலாளிகள். வாட்ச்மேன், ஹவுஸ்கீப்பிங், தோட்டம், பம்பு ஆபரேட்டர் என்று நூறு வீடு உள்ள ஒரு வளாகம் சின்னத் தொழிற்சாலை அளவுக்கு ஆள் வைத்திருக்கிறது. ஏஜென்சி வழியாக வருவதால் நாம் முதலாளி இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்காமல் போனால் முதன்மை வேலையளிப்பவர்தான் கொடுக்க வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த ஏற்பாடு. எல்லா வளாகத்துக்கும் அப்படியொரு விதி எழுத்துப்படி பொருந்துமா என்பதை வக்கீல்கள் பேசட்டும். வேலை வாங்குவது நாம் என்பதில் வக்கீலுக்கு வேலையில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு வந்து காலை எட்டு மணிக்குப் போகிறார் நம் வாட்ச்மேன். மாற்று ஆள் வராவிட்டால் அடுத்த பன்னிரண்டு மணி நேரமும் அவரே. வார விடுமுறை என்று ஏஜென்சி ஒப்பந்தத்தில் இருக்கும்; எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள் என்று அவரிடம் கேட்டால் சொல்வார். 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத்திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மே தினத்தன்று, பத்தே நாளில், அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நம்மில் பலர் அதைப் பாராட்டிப் பதிவு போட்டோம். நம் வாசலில் அந்தத் திருத்தம் யாரும் நிறைவேற்றாமலேயே பல வருடமாக அமலில் இருக்கிறது.

மூன்று ஷிஃப்ட் வைத்தால் கட்டுப்படியாகாது என்பது பொதுக்குழுவில் வரும் பதில். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கேட்டுக்கு இரண்டு ஆள் என்பது மூன்று ஆகும். ஏஜென்சி கமிஷன், வரி எல்லாம் சேர்த்து மாதம் இருபதாயிரம் கூடுதல் என்றே வையுங்கள். நூறு வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு இருநூறு ரூபாய். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரியாணி ஆர்டரில் டெலிவரி, பேக்கிங் என்று போகும் பணத்தை விடக் கொஞ்சம் அதிகம். பத்து வீடு மட்டும் உள்ள சின்னக் கட்டடத்துக்கு இந்தக் கணக்கு கசக்கும், ஒப்புக்கொள்கிறேன். அங்கே பக்கத்துக் கட்டடத்தோடு சேர்ந்து ஆள் வைப்பதைப் பற்றிப் பேசலாம். நூறும் இருநூறும் வீடு உள்ளவர்களுக்குச் சாக்கு இல்லை.

அதே கூட்டத்தில் ஏஜென்சி பில்லையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கென்று நாம் கொடுக்கும் தொகைக்கும் அவர் கையில் வாங்கும் தொகைக்கும் நடுவில் என்ன இருக்கிறது? பி.எஃப்.புக்கு முதலாளி பங்கு பன்னிரண்டு சதவீதம். இ.எஸ்.ஐ.க்கு முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது உண்டு. பில்லில் பிடித்தால் மட்டும் போதாது, கட்டிய ரசீது வேண்டும். இ.எஸ்.ஐ. அட்டை கையில் இருக்கும் வாட்ச்மேனுக்கு மாரடைப்பு வந்தால் கே.கே. நகர் ஆஸ்பத்திரியோ அயனாவரம் ஆஸ்பத்திரியோ இருக்கிறது. அட்டை இல்லாதவருக்கு நாம் குழுவில் துண்டு ஏந்துவோம், ஆளுக்கு ஐந்நூறு போடுவோம், நல்ல மனிதர்கள் என்று நம்மை நாமே மெச்சிக்கொள்வோம். அந்த அட்டையை வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

வீட்டுவேலைக்கு வருகிற பெண்களுக்குச் சர்வீஸ் லிஃப்ட் மட்டும்தான் என்று அட்டை மாட்டியிருக்கும் வளாகங்களைப் பற்றி நீளமாக எழுத எனக்கு மனமில்லை. அட்டையைக் கழற்றுங்கள். கீழ்த்தளத்தில் பூட்டாத, தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறையை அவர்களுக்கும் காவலாளிக்கும் பொருள் கொண்டுவரும் பையன்களுக்கும் திறந்து வையுங்கள். கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று 2021இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ரங்கநாதன் தெருவில் நாள் முழுக்க நின்ற கால்களுக்காக வந்த சட்டம். டெலிவரி ஊழியர்கள் உட்கார அண்ணாநகரிலும் தி.நகரிலும் மாநகராட்சியே குளிர்சாதன ஓய்வறை கட்டியிருக்கிறது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. நம் கேட்டில் ஒரு மின்விசிறியும் ஒரு தண்ணீர்க் கேனும் வைக்க எந்த அரசாணைக்குக் காத்திருக்கிறோம்?

கொடுங்கையூருக்கு வருகிறேன். 340 ஏக்கருக்கு மேல் குப்பை மேடு. நகரத்தின் நாளொன்றின் குப்பை ஐயாயிரம் டன்னைத் தாண்டுகிறது. வடக்கில் சேர்வது கொடுங்கையூருக்கு, தெற்கில் சேர்வது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக்கு. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது ஓ.எம்.ஆர். பக்கத்துச் சங்கங்களுக்கு அந்தக் காற்று எப்படி இருந்தது என்பது நினைவிருக்கும். வடக்கே இருப்பவர்களுக்கு அது எப்போதாவது வரும் புகை இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல், மணலியின் ஆலைகள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த எண்ணெய், அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் கசிந்த அமோனியா என்று அங்கே மூச்சுக்கே விலை உண்டு. அதன் மேல் ஒரு எரிஉலையும் வேண்டுமா என்றுதான் அந்தச் சங்கங்கள் கேட்டன.

அந்தக் கேள்வியோடு வேலைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். குப்பையை எரிப்பதற்குப் பெரிய முதலும் கொஞ்சம் ஆட்களும் போதும். குப்பையைத் தரம்பிரித்து, மட்குவதை உரமாக்கி, மட்காததை வகைவகையாக மறுசுழற்சிக்கு அனுப்பக் கைகள் நிறைய வேண்டும். காற்றைக் கெடுக்காத வழிதான் அதிகம் பேருக்கு வேலை கொடுக்கும் வழியும். இன்று அந்த மேட்டில் வெறுங்கையால் பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கிப் பிழைக்கிறவர்களுக்குக் கையுறையும் அடையாள அட்டையும் மாதச் சம்பளமும் கொடுத்து அந்த வேலையில் அமர்த்தலாம். எரிஉலை வேண்டாம் என்று எழுதும் மனுவில் இதையும் எழுதினால், ‘வளர்ச்சிக்கு எதிரிகள்’ என்று நம்மைத் தள்ளிவிட முடியாது. இதில் நம் பங்கும் உண்டு. நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் குப்பை போடுகிற வளாகம் தன் ஈரக்குப்பையைத் தன் இடத்திலேயே கையாள வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன. எத்தனை வளாகம் செய்கிறது? நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுப்பது, உடைந்த டியூப்லைட்டைத் தனியாகக் கட்டி வைப்பது, இதெல்லாம் சுற்றுச்சூழல் சேவையில் சேர்த்தி இல்லை. வாங்குகிறவருக்குக் கை இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வது, அவ்வளவே.

தூய்மைப் பணியாளரின் வேலை நிலைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தாலே ஒரு பதிலும் வந்துவிடும்: பர்மனென்ட் ஆக்கினால் வேலை செய்யமாட்டார்கள். சங்கக் கூட்டங்களில் இதைச் சொல்கிறவர்களைக் கவனித்திருக்கிறேன். பெரும்பாலும் வங்கியிலோ ரயில்வேயிலோ மின்வாரியத்திலோ அரசுப் பள்ளியிலோ முப்பத்தைந்து வருடம் பர்மனென்டாக வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். அவர்கள் வேலை செய்யாமலா இருந்தார்கள்? அந்த நிரந்தரத்தில்தான் வீட்டுக்கடன் கிடைத்தது, பிள்ளைகள் இன்ஜினியரிங் படித்தார்கள், இன்றைக்குச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்க நேரமும் கிடைத்திருக்கிறது. ஒரு நல்ல வேலை ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதற்கு இந்த ஊரில் அவர்களை விடச் சிறந்த சாட்சி கிடையாது. அதே ஏணியை ஒருவர் அடுத்தவருக்கு மறுக்கும்போது அவர் குரலில் இருப்பது நிர்வாக அனுபவம் மட்டும்தானா, சாதியும் கொஞ்சம் கலந்திருக்கிறதா என்பதை அவரவர் தனியாக இருக்கும்போது கேட்டுக்கொள்ளட்டும்.

மாநகராட்சியிடம் பணம் இல்லை என்பது இன்னொரு பதில். இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். நிரந்தரப் பணியாளர் ஒருவருக்கு ஆகும் செலவு அதிகம்தான். சொத்துவரியை ஏற்றினால் முதலில் கூச்சல் போடுவதும் நாம்தான். ஆனால் ஒப்பந்த நிறுவனத்துக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கும் பணமும் அந்த வரியிலிருந்துதான் போகிறது. அதில் கூலிக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, கம்பெனியின் லாபத்துக்கு எவ்வளவு என்பது வரி கட்டுகிறவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தபிறகு பேசலாம், எது மலிவு என்று.

ஆகவே நான் கேட்பது இதுதான். தொழிற்சங்கத்தில் சேரவோ கொடி பிடிக்கவோ உங்களைக் கூப்பிடவில்லை. நீங்கள் நன்றாகச் செய்கிற வேலையையே செய்யுங்கள்: மனு எழுதுங்கள். அடுத்தமுறை குப்பை அள்ளவில்லை என்று எழுதும்போது, இந்த வார்டுக்கு ஒதுக்கிய தூய்மைப் பணியாளர் எத்தனை பேர், இன்று வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குக் கடந்த மாதச் சம்பளம் எந்தத் தேதியில் போட்டார்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டியதற்கு அத்தாட்சி எங்கே என்று கீழே சேர்த்துக் கேளுங்கள். வார்டு அலுவலகத்தில் பெண்கள் உடைமாற்ற ஓர் அறையும் கழிப்பறையும் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். தகவல் உரிமை மனுவில் ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். கம்பெனி மாறினாலும் பழைய ஆட்களைப் பழைய பணிக்காலத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லி உங்கள் லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளுக்கு ரிப்பன் மாளிகையில் கிடைக்கும் மரியாதை, நடைபாதையில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது அநியாயம், ஆனாலும் கையில் இருக்கும் செல்வாக்கைச் சும்மா வைத்திருப்பதை விட இதற்குச் செலவழிக்கலாம்.

பகுதி சபை என்று ஒன்று நம் நகராட்சிச் சட்டத்தில் இப்போது இருக்கிறது. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு நான்கு முறையாவது கவுன்சிலர் முன்னிலையில் வாக்காளர்கள் கூடிப் பேச வேண்டும். பல இடங்களில் இருபது பேர் வருகிறார்கள், டீயும் பிஸ்கட்டும் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். உங்கள் பகுதியின் அடுத்த கூட்டம் எந்தத் தேதியில் என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். போகும்போது உங்கள் தெருவைக் கூட்டுகிறவரையும், அவர் அந்த வார்டின் வாக்காளராக இருந்தால் உறுப்பினராகவும் இல்லாவிட்டால் உங்கள் விருந்தாளியாகவும், கூட அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் வேலை நேரத்தில் கூட்டம் வைத்தால் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். கூட்டமே நடக்காத வார்டு என்றால், உங்கள் அடுத்த மனு அதைப் பற்றியதாக இருக்கட்டும்.

அன்புடன்,
பெரம்பூர்ச் சந்தாதாரர் ஒருவர்